மேசைக்கு வராத பாட்டி

வட இத்தாலியில், ஆல்பா நகரத்துக்குத் தெற்கே, லாங்கே மலைச்சரிவில் ஓர் ஒயின் நிலவறை. அக்டோபர் கடைசி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். உள்ளே நீண்ட மேசை, ஆளுக்கு ஐந்து கோப்பைகள், ஐந்து சிறு தட்டுகள். டூரினில் படிக்கிற தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். வந்த இடத்தில் இதையும் பார்த்துவிடலாம் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். வட்டார ஒயின்களை வட்டாரச் சாப்பாட்டோடு சேர்த்துச் சுவைக்கிற இரண்டு மணி நேர நிகழ்ச்சி. எங்களையும் சேர்த்து எட்டுப் பேர்.

முதல் தட்டில் வந்தது நூல் நூலாக அரிந்த முட்டைப் பாஸ்தா. பியமோந்தே வட்டார வழக்கில் அதன் பெயர் 'தாயாரின்'. வெட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் என்கிறார்கள். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. தாயாரின் கையா, தாயாரின் அடுப்பா, தாயாரின் முதுகுவலியா? மீதிச் சொல்லுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கம் சொன்னவர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல பேச்சாளர். "இது என் பாட்டி செய்தது. இந்த மண்ணில் விளைந்த ஒயினுக்கு இந்த மண்ணின் சாப்பாடுதான் பொருந்தும். எங்கள் பாட்டிகளுக்கு இதெல்லாம் படிக்காமலே தெரியும்" என்றார்.

"பாட்டி இதோடு எந்த ஒயின் குடிப்பார்?" என்று கேட்டேன்.

ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தார். "பாட்டியா? அவர் உட்காரவே மாட்டாரே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்பங்கரையில் நின்றபடியே எதையாவது சாப்பிட்டுக்கொள்வார்."

மேசை முழுக்கச் சிரித்தது. பிரியத்தோடு சிரித்தது. அவரவர் பாட்டி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கும் என் ஆச்சி நினைவுக்கு வந்தார். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒயினும் சாப்பாடும் பொருந்துவது வெறும் கட்டுக்கதை என்று சொல்ல நான் வரவில்லை. அன்று மூன்றாவதாக வந்தது பாஞ்ஞா காவ்தா. பூண்டும் உப்பிட்ட நெத்திலியும் ஆலிவ் எண்ணெயில் கரைந்துபோகும்வரை மெல்லக் காய்ச்சிய குழம்பு அது. சூடு ஆறாமல் வைத்துக்கொண்டு குடைமிளகாய், முட்டைக்கோஸ் என்று கிடைக்கிற காய்களைத் தோய்த்துத் தின்பார்கள். நாக்கில் எண்ணெய் படர்ந்து நிற்கும்போது ஒரு மிடறு பார்பெரா குடித்தால் அதன் புளிப்பு எண்ணெயை வழித்துக்கொண்டு போகிறது. அடுத்த வாய்க்கு நாக்கு தயார். பரோலோவின் கடும் துவர்ப்பு, மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சியோடு சேர்ந்ததும் அடங்கி மென்மையாகிவிடுகிறது. எல்லாம் உண்மை. ருசித்தேன், ரசித்தேன். புளியும் எண்ணெயும் அறிந்த நமக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வகுப்பெடுக்கிறார்கள். 1965இல் மிலானில் தொடங்கிய இத்தாலிய சொம்மெலியே சங்கம் இதற்கென்று ஒரு படிவமே வைத்திருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வரைபடம். உணவின் கொழுப்பு, உப்பு, இனிப்புச் சாயல், கசப்புச் சாயல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். எதிரே ஒயினின் புளிப்பு, துவர்ப்பு, மதுச்சத்து ஆகியவற்றுக்கும் போட வேண்டும். புள்ளிகளை இணைத்தால் பொருத்தம் தெரிந்துவிடும். கிட்டத்தட்ட ஜாதகக் கட்டம்தான். எங்களுக்கும் அதன் எளிய வடிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த மாவைப் பிசைந்தது யார், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன கூலி வாங்கினார் என்று கேட்கிற கட்டம் அதில் இல்லை. தாளின் தலைப்பில் 'மண்' மட்டும் இருந்தது.

மண் என்பது இந்தத் தொழிலின் மந்திரச் சொல். சுண்ணாம்பு கலந்த களிமண், வெயில் விழும் சரிவு, ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் காற்று என்று அரை மணி நேரம் பேசுவார்கள். 1963இல் வந்த சட்டம் எந்த ஒயின் எந்த எல்லைக்குள் விளைந்தால் எந்தப் பெயரைச் சூடலாம் என்று வகுத்தது. 1980இல் பரோலோ அந்த வரிசையின் உச்சத் தகுதியைப் பெற்றது. 2014இல் லாங்கேயின் திராட்சை நிலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. சரிவுக்குச் சான்றிதழ், திராட்சை வகைக்குச் சான்றிதழ், மரப்பீப்பாயில் எத்தனை மாதம் கிடக்க வேண்டும் என்பதற்குச் சட்டம். சமையலுக்கு வரும்போது மட்டும் 'பாட்டி' என்ற ஒற்றைச் சொல் போதும். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பிறந்த வருஷம் கிடையாது. பாட்டியும் ஒரு விளைநிலமாகிவிடுகிறாள். தானாக விளைந்து, தானாகத் தந்து, ஒன்றும் கேட்காமல் மடிந்துபோன நிலம்.

ஆனால் அந்தப் பாட்டிகளைத் தேடிப்போய் ஒருவர் பேச வைத்திருக்கிறார். நூத்தோ ரெவெல்லி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படையோடு ரஷ்யா போய்ச் செத்துப் பிழைத்து வந்து, பிறகு பாசிசத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர். பின்னாளில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தன் குனேயோ மாகாணத்துக் குடியானவர் வீடுகளுக்கு ஏறி இறங்கினார். லாங்கே அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. 1977இல் வந்த முதல் தொகுப்பில் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது குறையென்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். 1985இல் பெண்களுடைய வாய்மொழிகளை மட்டும் திரட்டி இன்னொரு தொகுப்பு கொண்டுவந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள். அதன் தலைப்பு 'வலுவான கண்ணி' என்று பொருள்படும். குடும்பச் சங்கிலியில் அறுந்துபோகாமல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருந்த கண்ணி அவர்கள்.

அந்தப் பெண்கள் சொல்வது பசி. ஏழெட்டு வயதில் அடுத்த ஊர்ப் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டது, கேட்காமலே நிச்சயிக்கப்பட்ட கல்யாணம், மாமியார் கையில் இருந்த ரொட்டிப் பெட்டி, வருஷத்துக்கு ஒரு பிரசவம். இன்றைக்கு அதே ஊர் உணவகங்கள் ஒரு கிலோ மாவுக்கு நாற்பது மஞ்சள் கரு சேர்த்துத் தாயாரின் செய்கிறோம் என்று பெருமையடிக்கின்றன. நாற்பது! குடியானவர் வீட்டில் முட்டை என்பது பெண்ணின் கையிருப்பு. சந்தைக்குக் கொண்டுபோய் உப்பும் சர்க்கரையும் நூலும் வாங்க அவளுக்கு இருந்த ஒரே காசு அது. அதை நாற்பது நாற்பதாக உடைத்துப் போட்டு யாரும் அன்றாடம் தின்னவில்லை. அன்றாடம் தின்றது மக்காச்சோளக் களி. உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிட்ட ஒற்றை நெத்திலியில் களியைத் தேய்த்துத் தேய்த்துத் தின்ற கதையை பெப்பே ஃபெனோலியோ 1954இல் வந்த தன் லாங்கே நாவலில் எழுதியிருக்கிறார். வருஷத்தில் இரண்டொரு திருநாளின் விருந்தைப் பிடுங்கி, 'குடியானவரின் எளிய உணவு' என்று பெயர் சூட்டி, பரோலோவோடு வைத்து விற்கிறார்கள்.

நெத்திலி என்றதும் இன்னொன்று. கடலில்லாத மலைநாட்டுக்கு நெத்திலி எப்படி வந்தது என்று விளக்கக்காரர் அழகாகச் சொன்னார். மைரா பள்ளத்தாக்கின் ஆண்கள் குளிர்காலத்தில் தள்ளுவண்டியோடு இறங்கி, உப்பிட்ட நெத்திலியை ஊர் ஊராக விற்றார்கள். சரிதான். ஆனால் அதே பள்ளத்தாக்கின் எல்வா என்ற மலையூர் ஆண்களுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. குடியானவப் பெண்களின் தலைமுடியை விலைக்கு வாங்குவது. நீளமாக வளர்த்த கூந்தலை அடியோடு அறுத்து வாங்கிப்போய், சுத்தம் செய்து, நிறம் பிரித்து, பாரிசிலும் லண்டனிலும் பொய்முடி செய்பவர்களுக்கு விற்றார்கள். எல்வாவில் இன்று அதற்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நெத்திலி ஏறிவந்த வழியில் கூந்தல் இறங்கிப்போயிற்று. நெத்திலிக்கதை மட்டும் மேசைக்கு வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள். இந்த மலையில் வாழ்க்கைப்பட மாட்டோம். ஆல்பாவின் சாக்லேட் தொழிற்சாலையும் டூரினின் கார் தொழிற்சாலைகளும் சம்பளம் தந்தன. கீழே இருந்த நகரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. மகள்களைப் போகச் சொன்னவர்கள் தாய்மார்கள்தான். மேட்டு லாங்கேயில் நாற்பது வயது, ஐம்பது வயது ஆண்கள் கல்யாணமாகாமல் நின்றார்கள். அப்போது தரகர்கள் தெற்கே போனார்கள். கலாப்ரியா போன்ற வறண்ட தென்மாகாணங்களிலிருந்து புகைப்படத்தைக் காட்டிப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். கணவனின் வட்டார மொழி புரியாது, பனி தெரியாது, மாமியார் கையில்தான் அடுப்பு. ரெவெல்லியின் தொகுப்பில் இந்தத் தென்னாட்டு மருமகள்களும் பேசுகிறார்கள். ஆக, இன்றைக்கு 'தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில்' என்று சொல்லப்படும் பாட்டிகளில் எத்தனையோ பேர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து ரயிலேறி வந்தவர்கள். தாயாரின் செய்ய அவர்கள் மாமியாரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார்கள். இரத்தத்தில் வந்ததென்று சொல்லி அந்த உழைப்பையும் மண்ணின் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

ஒயினுக்கு வருவோம். சாப்பாடு பாட்டியுடையது என்றால் ஒயின் யாருடையது? இதற்கு விடை மிகப் பழையது. ரோமானிய அறிஞர் ப்ளினி தன் இயற்கை வரலாற்றில் இரண்டு பழங்கதைகளைப் பதிவு செய்கிறார். தொட்டியிலிருந்து ஒயின் எடுத்துக் குடித்த மனைவியை ஒருவன் தடியால் அடித்தே கொன்றான். ரோமுலஸ் அவனை விடுதலை செய்தான். இரண்டாவது, ஒயின் அறையின் சாவிகள் இருந்த பெட்டியைத் திறந்ததற்காக ஒரு பெண்ணை அவளுடைய வீட்டாரே பட்டினி போட்டுக் கொன்றார்கள். உறவுக்காரப் பெண்களை ஆண்கள் முத்தமிடும் வழக்கமே, வாயில் ஒயின் வாடை வருகிறதா என்று மோந்து பார்க்கத்தான் என்று கேட்டோ சொன்னதாகவும் எழுதுகிறார். எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது அந்தச் சாவி. இரண்டாயிரம் வருஷத்தில் தடி போய்விட்டது, முத்தச் சோதனை போய்விட்டது. சாவி அவ்வளவு எளிதில் கைமாறவில்லை. மாதவிடாய்ப் பெண் உள்ளே வந்தால் ஒயின் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய நிலவறைகளில் நம் காலம்வரை நீடித்தது. ஊறுகாய் ஜாடி அருகே போகாதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமிருக்காது.

மொழியும் இதற்கு உடந்தை. இத்தாலிய மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. பரோலோ ஆண்பால். 'அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன்' என்பது அதன் பட்டம். பார்பெராவை மட்டும் பியமோந்தேக்காரர்கள் பெண்பாலில் 'லா பார்பெரா' என்பார்கள். பார்பெரா மலிவு, அன்றாடத்துக்கு உரியது, கூலியாட்களும் குடித்தது. அன்று எங்கள் மேசையில் பார்பெரா 'வெள்ளந்தி, விருந்தோம்பும் குணம்' என்றும் பரோலோ 'பொறுமை கேட்கும், கண்டிப்பானவர்' என்றும் வர்ணிக்கப்பட்டன. ஒரு திராட்சைச் சாற்றுக்குக்கூட அடுப்பங்கரையையும் கூடத்தையும் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

லாங்கேயை விட்டுக் கொஞ்சம் தெற்கே, டஸ்கனிக்கு வாருங்கள். கியாந்தி ஒயினோடு 'ரிபொல்லித்தா' தருவார்கள். பழைய ரொட்டி, பீன்ஸ், கறுப்பு முட்டைக்கோஸ் போட்டு, மீந்ததை மறுநாள் மறுபடி கொதிக்க வைத்த கஞ்சி. பெயரின் பொருளே 'மறுபடி கொதித்தது'. டஸ்கனியின் பெரும்பகுதி நூற்றாண்டுகளாக வாரச் சாகுபடியில் இருந்த நிலம். விளைச்சலில் பாதி நில உடைமையாளருக்கு. பாதியோடு முடியவில்லை. இத்தனை சேவல், இத்தனை முட்டை என்று பெண்கள் வளர்த்ததிலிருந்து காணிக்கை கொடுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் முதலாளி வீட்டுத் துணியை வெளுத்துக் கொடுப்பதும் குடியானவர் வீட்டுப் பெண்ணின் கடமை. ஒரு குடும்பத்தின் உழைப்புத் திறனை அளக்க முசோலினி காலத்து வேளாண் பொருளியலாளர் அர்ரிகோ செர்பியேரி ஓர் எண்ணைக் கொடுத்தார். ஆண் 1, பெண் 0.6. அந்த எண் 1960கள்வரை புழக்கத்தில் இருந்தது. கவனியுங்கள், வயல்வேலைக்குத்தான் 0.6. விடியலில் அடுப்பு மூட்டியது, கோழி, துணி, பிள்ளை, நோயாளி, அந்த மறுபடி கொதித்த கஞ்சி, இவையெல்லாம் பூஜ்யம். குடும்பத் தொழிலில் பெண் செய்யும் வேலையும் ஆண் செய்யும் வேலையும் சமம் என்று இத்தாலியச் சட்டப் புத்தகத்தில் எழுத 1975 ஆயிற்று. கியாந்தியின் மண்ணில் கல் எவ்வளவு, களி எவ்வளவு என்று தசமப் புள்ளியோடு சொல்கிறவர்கள் இந்தத் தசமப் புள்ளியைச் சொல்வதில்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவீர்கள். ஒதுக்க முடியாத ஓர் ஊருக்குப் போவோம். பூலியா மாகாணத்தின் தலைநகர் பாரி. பழைய நகரத்துச் சந்து ஒன்றில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, கத்தி முனையால் மாவை இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்து 'ஒரெக்கியெட்டே' செய்கிறார்கள். குட்டிக்காது என்று பொருள். சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கிறார்கள். அரசு விளம்பரங்களில் அந்தக் கைகள் வருகின்றன. 2019இல், எங்கிருந்து வந்ததென்று ரசீது காட்ட முடியாத மூன்று கிலோ ஒரெக்கியெட்டேக்காக ஓர் உணவகம் அபராதம் கட்டியது. உடனே சந்துப் பெண்களின் தொழிலே சட்டவிரோதமா என்ற பேச்சு கிளம்பியது. சுவரொட்டியில் இருக்கும்வரை பாட்டி பாரம்பரியம். காசு வாங்கினால் கள்ளச்சந்தை.

குட்டிக்காதை டர்னிப் கீரையோடு வதக்கி, காஸ்தெல் தெல் மோந்தே வட்டாரத்து இளஞ்சிவப்பு ஒயினோடு தருவது வழக்கம். அந்தப் பெயருக்குரிய எண்கோணக் கோட்டை ஆந்த்ரியா நகராட்சி எல்லைக்குள் நிற்கிறது. அதே ஆந்த்ரியாவின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 2015 ஜூலை 13 அன்று பாவோலா கிளெமென்தே என்ற பெண் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறந்தார். வயது 49, மூன்று பிள்ளைகள். தரந்தோ பக்கத்து ஊரிலிருந்து நடுச்சாமம் தாண்டி எழுந்து, கூலியாட்கள் பேருந்தில் ஏறி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, குலையில் சிறுத்த பழங்களைக் கிள்ளி எடுக்கிற வேலை. நாளுக்கு 27 யூரோ. அவர் கிள்ளியது உண்ணும் திராட்சை, ஒயின் திராட்சை அல்ல. இந்த வேறுபாட்டை நானே சொல்லிவிடுகிறேன், யாரோ ஒரு வல்லுநர் எழுந்து திருத்துவதற்கு முன். குலையை நுணுக்கமாகக் கையாளப் பெண்விரல்தான் தோது என்று தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு அந்த நுணுக்கத்துக்குக் குறைந்த கூலி தருகிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்துக் கூலியில் பங்கு தின்கிறவனுக்கு இத்தாலியில் 'கப்பொராலே' என்று பெயர். நம்மிடம் இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: கங்காணி. பாவோலாவின் சாவுக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில்தான் 2016இல் கங்காணி முறைக்கு எதிரான சட்டம் இறுகியது.

இன்னும் தெற்கே சிசிலி. அந்தத் தீவில் உச்சத் தகுதி பெற்ற ஒயின் ஒன்றே ஒன்றுதான், 2005இல் அந்தத் தகுதி வாங்கிய செரசுவோலோ தி வித்தோரியா. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த உணவுகளோடு அருமையாகச் சேரும் என்பார்கள். வித்தோரியாவைச் சுற்றிப் பார்வைக்கு எட்டியவரை பிளாஸ்டிக் கூரைகள். தக்காளி அங்கேதான் விளைகிறது. அந்தக் கூரைகளுக்கு அடியில் வேலை செய்யும் ருமேனியப் பெண்கள் தோட்டக்காரர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளாவதைக் கடந்த பத்தாண்டுகளில் இத்தாலியப் பத்திரிகைகளும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. பிள்ளையோடு பண்ணைக் கொட்டகையில் குடியிருக்கிற பெண்ணால் எங்கே ஓட முடியும்? இந்த மண்ணில் விளைந்ததை இந்த மண்ணில் விளைந்ததோடு சேர்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்கிறீர்கள் அல்லவா, இதுவும் அந்த மண்ணில் விளைந்ததுதான். படிவத்தில் எந்த வட்டத்தில் புள்ளி வைப்பது?

அதே தீவின் பலெர்மோவில் நம்மவர்களும் இருக்கிறார்கள். போருக்குத் தப்பி 1980களிலிருந்து போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு வாய்த்தது வீட்டுவேலை. சிசிலிக்காரப் பாட்டிகளைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அவர்கள் சொல்லச் சொல்லக் கத்தரிக்காய் வதக்கித் தருகிறவர்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அந்த ஊர் மேசைகளில் 'எங்கள் பாட்டியின் கைப்பக்குவம்' என்று யாரோ சொல்லும்போது, அதில் யாழ்ப்பாணத்துக் கை எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

இப்போது எழும் எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். பெண்கள்தான் இன்று ஒயின் செய்கிறார்களே? செய்கிறார்கள். 1988இல் 'ஒயின் பெண்கள்' என்று சங்கம் தொடங்கினார்கள். ஆண்களின் கோட்டையான பரோலோவில் கியாரா போஸ்கிஸ் 1990 முதல் தன் கையாலேயே ஒயின் செய்தார். மொந்தால்சினோவில் தொனத்தெல்லா சினெல்லி கொலொம்பினி 1998இல் முழுக்கப் பெண்களே நடத்தும் நிலவறையைத் தொடங்கினார். வித்தோரியாவிலேயே அரியான்னா ஒக்கிபின்தி இருக்கிறார், அவருடைய ஒயினுக்காக உலகமே காத்திருக்கிறது. இவர்கள் உடைத்த கதவுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். சாவியைக் கைப்பற்றியவர்கள் இவர்கள்.

ஆனால் பெண்ணுக்குப் பெயர் கிடைக்க என்ன தகுதி வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பரோலோவின் தாய் என்று ஒயின் உலகம் கொண்டாடுகிற ஜூலியா கொல்பெர்த் ஃபல்லெத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோமாட்டி, மலைக்கே சொந்தக்காரர். டூரின் சிறையில் கிடந்த பெண் கைதிகளுக்காக அவர் பட்ட பாடு பெரிது, அதைப் போற்றலாம். அவர் பெயர் புட்டியில் இருக்கிறது. அவருடைய மலையில் திராட்சை பறித்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. நிலம் இருந்தால் பெயர் வரும், நிலம் இல்லாவிட்டால் நீயே நிலம். உடைமைக்காரப் பெண்ணைக் காட்டி உழைக்கும் பெண்ணை மறைக்கிற வித்தைக்குப் பெண்ணியம் என்று பெயர் வைத்தால் நான் அதில் இல்லை.

வீட்டு உழைப்புக்குக் கூலி கேட்ட இயக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த மேசைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். சில்வியா ஃபெடெரிச்சி 1942இல் பார்மாவில் பிறந்தவர். பதப்படுத்திய பன்றித் தொடைக்கும் பாலாடைக்கட்டிக்கும் உலகப் புகழ் பெற்ற, லம்புரூஸ்கோ ஒயினோடு இரண்டையும் பரிமாறுகிற அதே பார்மா. மரியாரோசா தல்லா கோஸ்தாவும் தோழிகளும் 1970களின் தொடக்கத்தில் கூடிப் பேசியது வெனெத்தோவின் பதோவாவில். மாலையானால் ஆண்கள் மதுக்கடை வாசலில் சிறு கோப்பையோடு நிற்கிற ஊர். சமைப்பதும் பெற்று வளர்ப்பதும் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய உடம்பை இன்றிரவு தேற்றித் தருகிற உற்பத்தி, அதற்கு விலை உண்டு, அந்த விலையை யாரோ விழுங்குகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அந்தச் சிந்தனை பாட்டியின் அடுப்படியைப் பார்த்துப் பிறந்தது. பார்மாவின் சுவைச் சுற்றுலாவில் பன்றித் தொடைக்கும் பாலாடைக்கட்டிக்கும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஃபெடெரிச்சியின் பெயரை வழிகாட்டிகள் உச்சரித்து நான் கேட்டதில்லை.

என்னதான் வேண்டும் என்கிறாய் என்று தோழி திரும்பி வரும் வழியில் கேட்டாள். சுவைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. புட்டியின் முதுகில் மண்ணின் வயதை எழுதுகிறீர்களே, அறுவடைக்கு வந்தவர்களின் கூலியையும் எழுதுங்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது சமைத்தவரின் பெயரைச் சொல்லுங்கள், சமைத்தவரை மேசையில் உட்கார வையுங்கள், அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். பாட்டி உட்கார மாட்டார் என்று சிரிக்காதீர்கள். எத்தனை நாற்காலி போட்டிருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் நான் அடுப்பங்கரைக்குப் போனேன். ஐந்து தட்டுகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஐந்து முறையும் பேசாமல் திரும்பிப் போன பெண் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மாசிடோனியாவிலிருந்து வந்தவர். கணவர் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குழுவில் இருக்கிறார். தாயாரினை அரிந்தது அவர்தான், அன்று காலை ஐந்தரை மணிக்கு. யாரிடம் கற்றீர்கள் என்று தோழி மூலம் கேட்டேன். இங்கே முன்பு வேலை பார்த்த ருமேனியப் பெண்ணிடம் என்றார். பெயரைச் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார். பாதி மணி நேரம்தான் கணக்கில் காட்டப்படுகிறது, மீதி கையில் காசாக வருகிறது, வம்பு வேண்டாம்.

மஞ்சள் கரு நாற்பது போனால் வெள்ளைக்கரு என்ன ஆகும் என்று கேட்டேன். அதைக் கேட்டதும்தான் முதல் முறையாகச் சிரித்தார். குளிர்பெட்டியைத் திறந்து மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் காட்டினார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போவாராம்.